ஓணானுக்கு வேலி சாட்சி: ரிமோட் டெஸ்க்டாப் சர்வரின் தானியங்கிச் சோதனைகள் எதை நிறுவுகின்றன?

ஓணானுக்கு வேலி சாட்சி, வேலிக்கு ஓணான் சாட்சி என்பது பழமொழி. ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் இருவர் ஒருவருக்கொருவர் சாட்சி சொன்னால் அச்சாட்சியத்துக்கு மதிப்பில்லை என்பது அதன் பொருள். மென்பொருள் சோதனையில் இப்பழமொழி பொருந்தும் இடங்கள் பல. அவற்றுள் மிகத் தெளிவான ஒன்று, மெய்நிகராக்க மென்பொருள்களில் அமைந்துள்ள ரிமோட் டெஸ்க்டாப் சர்வரின் தானியங்கிச் சோதனை. சர்வரை எழுதியவர்களின் கிளையன்ட் நிரல் அச்சர்வருடன் இணைகிறது; திரை தெரிகிறது; சோதனை வெற்றி என்று பதிவாகிறது. அந்த வெற்றி எதை நிறுவுகிறது என்ற கேள்வியை நம் கணினி அறிவியல் துறைகள் போதிய அளவு எழுப்புவதில்லை.

இவ்வகைச் சர்வரின் இயல்பை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. விண்டோஸ் கணினி ஒன்றில் ரிமோட் டெஸ்க்டாப் வசதியை இயக்கினால், அந்தச் சேவை அவ்வியங்குதளத்துக்குள்ளேயே ஓடுகிறது. இயங்குதளம் நின்றால் சேவையும் நின்றுவிடும். மெய்நிகராக்க மென்பொருளில் நிலைமை வேறு. கியூஇமுவின் விஎன்சி சர்வரும் வர்ச்சுவல்பாக்ஸின் ஆர்டிபி சர்வரும் மெய்நிகர் கணினிக்கு வெளியே, அதை இயக்கும் ஹோஸ்ட் கணினியில் ஓடுகின்றன. உள்ளே இயங்குதளம் நிறுவப்படுவதற்கு முன்பே, பயாஸ் திரை தோன்றும் கணத்திலேயே, தொலைவில் இருப்பவர் அதைக் காணலாம், விசையை அழுத்தலாம். உள்ளிருக்கும் இயங்குதளம் முற்றிலும் உறைந்துபோனாலும் அதன் கடைசித் திரை தெரிந்துகொண்டிருக்கும்.

இந்த வசதியோடு ஓர் இடரும் சேர்ந்தே வருகிறது. சர்வர் ஓடுவது மெய்நிகர் கணினியை இயக்கும் அதே செயல்முறைக்குள். சர்வரில் நேரும் ஒரு பிழையால் அச்செயல்முறை வீழ்ந்தால், திரைக்காட்சியுடன் மெய்நிகர் கணினியே வீழும். பல நாள்களாக ஓடிக்கொண்டிருக்கும் கணக்கீடு, பாதி எழுதப்பட்ட கோப்பு, ஆய்வகத் தேர்வில் மாணவர் எழுதிக்கொண்டிருக்கும் நிரல் அனைத்தும் மின்சாரம் துண்டிக்கப்பட்டதுபோல் நின்றுபோகும். திரையைக் காட்டும் ஒரு துணைக்கருவி என்று இதை எளிதாக ஒதுக்கிவிட இயலாததற்கு இதுவே காரணம்.

விஎன்சி, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இயங்கிய ஒலிவெட்டி மற்றும் ஆரக்கிள் ஆய்வகத்தில் 1990களில் உருவானது. அதன் நெறிமுறையான ஆர்எஃப்பி, 2011ஆம் ஆண்டில் ஆர்எஃப்சி 6143 என்னும் ஆவணமாக வெளியிடப்பட்டது. நெறிமுறை எளிமையானது. இரு தரப்பும் முதலில் 12 பைட் நீளமுள்ள பதிப்புக் குறியைப் பரிமாறிக்கொள்கின்றன. பிறகு தான் ஏற்கும் பாதுகாப்பு முறைகளின் பட்டியலைச் சர்வர் அனுப்புகிறது. அவற்றுள் ஒன்றைக் கிளையன்ட் தேர்ந்தெடுக்கிறது. பட்டியலில் 1 என்னும் எண்ணுக்குக் கடவுச்சொல் தேவையில்லை என்று பொருள். 2 என்னும் எண்ணுக்குக் கடவுச்சொல் வேண்டும் என்று பொருள்.

இந்த எளிய படியில்தான் 2006ஆம் ஆண்டில் ஒரு பெரும் ஓட்டை வெளிப்பட்டது. ரியல்விஎன்சி 4.1.1 பதிப்பின் சர்வர், கடவுச்சொல் கட்டாயம் என அமைக்கப்பட்டிருந்தபோது, 2 மட்டும் அடங்கிய பட்டியலை முறையாக அனுப்பியது. ஆனால் கிளையன்ட் திருப்பி அனுப்பும் எண் அப்பட்டியலில் உள்ளதா என்று அது சரிபார்க்கவில்லை. கேட்காமலே 1 என்று பதில் அனுப்பிய கிளையன்டைக் கடவுச்சொல் இன்றி உள்ளே விட்டது. சிவிஇ-2006-2369 என்று பதிவான இப்பிழையைக் கண்டறிந்தவர், தாமே புதிதாக ஒரு விஎன்சி கிளையன்டை எழுதிக்கொண்டிருந்தவர் என்பது கருதத்தக்கது. பட்டியலில் உள்ளதையே தேர்ந்தெடுக்கும் ஒழுங்கான கிளையன்டைக் கொண்டு ஆயிரம் முறை சோதித்தாலும் இப்பிழை தென்பட்டிருக்காது. வேலியின் இயல்பை அறிந்த ஓணான் வேலியைச் சோதிப்பதில்லை.

கியூஇமுவின் விஎன்சி சர்வர் வரலாறும் இதையே காட்டுகிறது. மூன்று பிழைகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, சிவிஇ-2015-8504. ஒரு பிக்சலின் நிறம் எவ்வாறு குறியிடப்பட வேண்டும் என்பதைக் கிளையன்ட் ஒரு செய்தியில் சர்வருக்குச் சொல்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் உச்ச மதிப்பு அச்செய்தியில் இடம்பெறும். வழக்கமாக அது 255. இம்மதிப்புகளைச் சுழியம் என்று அனுப்பினால், சர்வர் பின்னர்ச் சுழியத்தால் வகுக்க முற்பட்டு வீழ்ந்தது. உச்ச மதிப்பாகச் சுழியத்தை அனுப்ப இயல்பான கிளையன்ட் எதற்கும் காரணம் இல்லை. ஆகவே இயல்பான கிளையன்டைக் கொண்டு நடத்தும் சோதனைக்கும் இப்பிழையைத் தொட வழியில்லை.

இரண்டாவது, சிவிஇ-2017-15124. இங்கே கிளையன்ட் தவறான எதையும் அனுப்ப வேண்டியதில்லை. மெதுவாக இருந்தாலே போதும். சர்வர் அனுப்பும் திரை மாற்றங்களைக் கிளையன்ட் வாங்கிக்கொள்ளாமல் நின்றால், சர்வர் அவற்றை நினைவகத்தில் சேர்த்துக்கொண்டே போனது. அதற்கு வரம்பு இல்லை. சோதனைகள் பெரும்பாலும் ஒரே கணினிக்குள், சர்வரும் கிளையன்டும் அருகருகே இருக்க நடத்தப்படுகின்றன. அங்கே வலையமைப்பு ஒருபோதும் திணறுவதில்லை. நிஜத்தில் விடுதி வைஃபையிலிருந்து ஆய்வகச் சர்வருடன் இணையும் மாணவரின் இணைப்போ திணறுவதையே வழக்கமாகக் கொண்டது. சோதனைக்கூடத்தின் சௌகரியமே இங்குப் பிழைக்கு மறைவிடம் ஆயிற்று.

மூன்றாவது, சிவிஇ-2022-3165. இது தமிழருக்கு நேரடித் தொடர்புடையது. ஒரு கணினியில் நகலெடுத்த உரையை மறு கணினியில் ஒட்டுவதற்கு ஆர்எஃப்பி நெறிமுறையில் ஒரு செய்தி உண்டு. மூல நெறிமுறைப்படி அதில் லத்தீன்-1 எழுத்துகள் மட்டுமே செல்லும். தமிழ் செல்லாது, இந்தியும் செல்லாது. யுடிஎஃப்-8 உரையை அனுப்ப வழிசெய்யும் விரிவாக்கம் பின்னால் வந்தது, கியூஇமு 6.1 பதிப்பு அதை ஏற்றது. அவ்விரிவாக்கத்தைக் கையாளும் பகுதியில்தான் முழு எண் கழித்தலில் ஒரு பிழை இருந்தது. தீய நோக்குடன் அமைத்த ஒரு செய்தியால் கியூஇமுவை முற்றாகச் செயலிழக்கச் செய்ய முடிந்தது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லை நகலெடுத்து ஒட்டிப் பார்க்கும் சோதனை, பழைய பாதையின் வழியே சென்று வெற்றி என்று திரும்பிவிடலாம். பிற மொழியினருக்கென்று அமைந்த பாதை சோதிக்கப்படாமலே கிடக்கும். சோதனைத் தரவின் மொழித்தேர்வு பண்பாட்டுப் பிரச்சினை என்று மட்டும் கருதப்படுவதுண்டு. அது பாதுகாப்புப் பிரச்சினையும் ஆகும்.

தானியங்கிச் சோதனைகளே இல்லை என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. கியூஇமுவின் மூலநிரலிலேயே விஎன்சிக்கெனச் சோதனைகள் உள்ளன. கடவுச்சொல் வசதி இயக்கப்படாத நிலையில் அதை மாற்றக் கோரினால் உரிய மறுப்பு வருகிறதா, இயக்கத்தின் நடுவே சர்வர் கேட்கும் போர்ட்டுகளை மாற்றினால் பழையவை மூடப்பட்டுப் புதியவை திறக்கின்றனவா என்பன போன்றவற்றை அவை சரிபார்க்கின்றன. மறுப்பு வர வேண்டிய இடத்தில் மறுப்பு வருகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனையின் அடையாளம். ஆனால் இவை சர்வரின் நிர்வாகத்தைச் சோதிப்பவை. தொலைவில் இருப்பவர் காணும் படம், உள்ளிருக்கும் படம்தானா என்ற மையக் கேள்வி வேறு.

இவ்விடத்தில் ஓப்பன்கியூஏ என்னும் கருவியின் பெயர் எழுவது இயல்பு. ஓப்பன்சூசே திட்டத்தில் உருவாகி, ஃபெடோரா திட்டத்தாலும் ஏற்கப்பட்ட இக்கருவி, இயங்குதளங்களை மெய்நிகர் கணினியில் நிறுவிப் பார்த்துச் சோதிக்கிறது. விஎன்சி வழியாக விசைகளை அனுப்புகிறது. விஎன்சி வழியாகத் திரையைப் பெறுகிறது. முன்பே சேமித்து வைத்த மாதிரிப் படங்களோடு ஒப்பிடுகிறது. ஊசி என்று பொருள்படும் பெயர் அம்மாதிரிகளுக்கு இடப்பட்டுள்ளது. ஒவ்வொரு நாளும் இத்தனை சோதனைகள் விஎன்சி வழியாக நடப்பதால் விஎன்சி சர்வரும் சோதிக்கப்பட்டதாகவே கொள்ளலாம் என்ற வாதம் எழக்கூடும்.

அவ்வாதம் நிற்காது. மாதிரிப் படங்களும் விஎன்சி வழியாகவே எடுக்கப்பட்டவை. சர்வர் ஒரு நிறத்தைத் தொடர்ந்து தவறாகவே அனுப்பிவந்தால், மாதிரியிலும் அதே தவறு பதிந்திருக்கும். ஒப்பீடு வெற்றி பெறும். மறுபுறம், சர்வரில் புதிதாக ஒரு பிழை நுழைந்து படம் சிதைந்தால், அறிக்கையில் தோல்வி இயங்குதளத்தின் பெயரில் எழுதப்படும். இது ஓப்பன்கியூஏவின் குறை அன்று. அதன் நோக்கம் இயங்குதளத்தைச் சோதிப்பது. விஎன்சி அதற்குக் கண். கண்ணைக் கொண்டு உலகைப் பார்க்கலாம். அதே கண்ணைக் கொண்டு அக்கண்ணின் பழுதை அறிய முடியாது.

எனவே இரண்டாவது சாட்சி தேவை. நல்வாய்ப்பாக மெய்நிகராக்க மென்பொருளுக்குள்ளேயே அது இருக்கிறது. மெய்நிகர் கணினியின் திரையை விஎன்சியைத் தொடாமல் நேரடியாகக் கோப்பில் எழுதும் கட்டளை கியூஇமுவில் உண்டு. வர்ச்சுவல்பாக்ஸிலும் இத்தகைய திரைப்படக் கட்டளை உண்டு. மெய்நிகர் கணினியை ஒரு கணத்தில் நிறுத்திவைக்கும் கட்டளையும் இரண்டிலும் உண்டு. சர்வர் வெளியே ஓடுவதால், உள்ளிருப்பது நிறுத்தப்பட்டாலும் அது தொடர்ந்து பதில் சொல்லும். ஆகவே கணினியை நிறுத்தி, நேரடிக் கட்டளையால் ஒரு படமும் கிளையன்ட் வழியாக ஒரு படமும் எடுத்து, இரண்டையும் பிக்சலுக்குப் பிக்சல் ஒப்பிடலாம். திரை அசையாது நிற்பதால் நேரப் பொருத்தம் பற்றிய சிக்கல் எழாது. சுருக்கமற்ற முறை, ஹெக்ஸ்டைல், இசட்ஆர்எல்இ ஆகிய குறியீட்டு முறைகள் தகவலை இழப்பவை அல்ல. ஆகவே அவற்றில் ஒரு பிக்சல் வேறுபாடும் பிழையே. ஜேபெக் பயன்படும் முறையில் மட்டும் ஓரளவு வேறுபாட்டுக்கு இடம் தர வேண்டும். சுட்டிக்குறி தனிச்செய்தியாக அனுப்பப்படக்கூடும் என்பதால் அதை ஒப்பீட்டிலிருந்து விலக்க வேண்டும். ஒரு முதுகலை மாணவர் ஒரு பருவத்துக்குள் கட்டிமுடிக்கக்கூடிய சோதனை இது.

எதிர்த்திசையில் செல்லும் விசைகளுக்கும் இதே தர்க்கம் பொருந்தும். ஆர்எஃப்பியின் அடிப்படைச் செய்தியில், அழுத்தப்பட்ட விசையின் இடம் அனுப்பப்படுவதில்லை; அவ்விசை தரும் எழுத்தின் குறியெண் அனுப்பப்படுகிறது. சர்வர் அதை ஒரு விசைப்பட்டியலின் துணையால் மீண்டும் விசையாக மாற்ற வேண்டும். கிளையன்ட் பக்கம் தமிழ் விசைப்பலகை இயங்கினால் அனுப்பப்படுவது ‘அ’ என்னும் எழுத்தின் குறியெண்ணாக இருக்கலாம். அமெரிக்க ஆங்கில விசைப்பட்டியலில் அதற்கு இணையான விசை இல்லை. எழுத்து வழியிலேயே தொலைந்துபோகும். விசையின் இடத்தையே அனுப்பும் விரிவாக்கம் இதைத் தீர்க்கிறது; ஆனால் எல்லாக் கிளையன்டுகளும் அதைப் பேசுவதில்லை. ஆங்கிலத்தில் ஒரு கட்டளையைத் தட்டிப் பார்த்து முடித்துக்கொள்ளும் சோதனைக்கு இவ்வுலகமே தெரியாது.

சாட்சியின் சார்பின்மை எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதையும் நேர்மையாக நோக்க வேண்டும். லிப்விஎன்சி திட்டத்தில் சர்வர் நூலகமும் கிளையன்ட் நூலகமும் ஒரே மூலநிரல் தொகுப்பில் உள்ளன. ஒன்றைக் கொண்டு மற்றொன்றைச் சோதிப்பது சார்புடைய சாட்சியம் என்பது வெளிப்படை. அப்படியானால், நெறிமுறை ஆவணத்தை மட்டும் படித்து, சர்வரின் நிரலைக் காணாமல், வேறொருவர் எழுதிய கிளையன்ட் போதுமா? 1986இல் நைட், லெவ்சன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இங்கு எச்சரிக்கையாக அமைகிறது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்திலும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்திலும் மாணவர்கள் ஒரே தேவைக் குறிப்பிலிருந்து தனித்தனியே எழுதிய 27 நிரல்களை அவர்கள் சோதித்தனர். தனித்தனியே எழுதியவர்களும் ஒரே இடங்களில் தவறினர். அவர்களுடைய தவறுகள் ஒன்றையொன்று சாராதவை என்ற கருதுகோள் நிற்கவில்லை. கடினமான இடம் எல்லாருக்கும் கடினமே. ஆகவே வேறொருவரின் கிளையன்ட் தேவையான படி என்றாலும் போதுமான படி அன்று. வேறு பாதையில் எடுத்த படம், ஒழுங்கற்ற உள்ளீடு, சோதனையையே சோதித்தல் ஆகிய மூன்றும் அதனுடன் சேர வேண்டும்.

ஒழுங்கற்ற உள்ளீட்டின் வரலாறு பல்கலைக்கழகங்களுக்குப் பெருமை தருவது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பார்ட்டன் மில்லர் 1988இல் தம் வகுப்புக்குத் தந்த பயிற்சிகளுள் ஒன்று, யூனிக்ஸ் கருவிகளுக்குத் தாறுமாறான உள்ளீட்டைத் தந்து பார்ப்பது. 1990இல் வெளிவந்த கட்டுரை, சோதித்த கருவிகளில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வீழ்ந்ததைக் காட்டியது. இன்று ஃபஸ்ஸிங் என்று அழைக்கப்படும் துறை ஒரு வகுப்புப் பயிற்சியில் பிறந்தது. சோதனையையே சோதிக்கும் முறையும் புதிதன்று. நிரலில் வேண்டுமென்றே சிறு பிழைகளைப் புகுத்தி, சோதனைகள் அவற்றைப் பிடிக்கின்றனவா என்று பார்க்கும் பிறழ்வுச் சோதனையை டிமில்லோ, லிப்டன், சேவார்ட் ஆகியோர் 1978இல் முன்வைத்தனர். ரிமோட் டெஸ்க்டாப் சர்வரில் சிவப்பையும் நீலத்தையும் இடம் மாற்றிவிட்டால் எத்தனை சோதனைகள் தோல்வியைச் சொல்லும்? பாதுகாப்பு எண்ணைச் சரிபார்க்கும் வரியை நீக்கிவிட்டால்? ஒன்றும் சொல்லவில்லை என்றால், அச்சோதனைத் தொகுப்பின் பச்சை நிறத்துக்குப் பொருள் இல்லை.

மூலநிரல் கிடைக்காத சர்வர்களுக்கு வெளியிலிருந்து செய்யும் சோதனை இன்னும் முக்கியம். வர்ச்சுவல்பாக்ஸின் அடிப்படைத் தொகுப்பு திறமூலமாக இருக்கிறது. அதன் ஆர்டிபி சர்வரோ தனி உரிமத்தில் வரும் நீட்சித் தொகுப்பில் உள்ளது. அதன் மூலநிரலைப் படிக்க இயலாது. அதன் அங்கீகார முறைகளுள் இயல்பாக அமைந்திருப்பது, அங்கீகாரமே கேட்காத முறை. அது மிகவும் பாதுகாப்பற்றது என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. சர்வரை இயக்கியதும் கிளையன்ட் தடையின்றி இணைந்தது என்று மகிழும் சோதனை, இங்கே எச்சரிக்கை மணி ஒலிக்க வேண்டிய நிலையை வெற்றி என்று குறிக்கிறது. விஎன்சியிலும் இதை ஒத்த நிலை உண்டு. அதன் பழைய கடவுச்சொல் முறை முதல் எட்டு எழுத்துகளை மட்டுமே கருதும். முற்றிலும் வேறான கடவுச்சொல்லைத் தந்து மறுக்கப்பட்டதைப் பார்க்கும் சோதனை வெற்றி பெறும். ஒன்பதாம் எழுத்து மட்டும் வேறான கடவுச்சொல்லைத் தந்தால் கதவு திறக்கும். எதை மறுக்க வேண்டும் என்று எழுதாத சோதனை, பாதிச் சோதனையே.

இத்தனைக்கும் எதிராகச் சொல்லப்படும் நியாயம் செலவும் நேரமும். திரையைச் சார்ந்த சோதனைகள் சில வேளைகளில் வெற்றியும் சில வேளைகளில் தோல்வியும் தரும். ஆகவே தோற்றவற்றை மறுபடி ஓட்டி, வெற்றி வந்ததும் ஏற்றுக்கொள்வது பல இடங்களில் நடைமுறை. இதில் ஓரளவு நியாயம் உண்டு. சோதனைக் கணினியின் சுமையாலும் தோல்வி வரலாம். ஆனால் ரிமோட் டெஸ்க்டாப் சர்வரைப் பொறுத்தவரை நேரம் அதன் செயல்பாட்டின் ஒரு பகுதி. மேலே கண்ட 2017ஆம் ஆண்டுப் பிழை முழுவதும் நேரம் சார்ந்ததே. ஐந்து நொடி காத்திரு என்று நிரலில் எழுதுவதைக் கைவிட்டு, குறிப்பிட்ட நிகழ்வு வரும்வரை காத்திரு, வரம்பு கடந்தால் காரணத்துடன் தோல்வியைப் பதிவுசெய் என்று எழுதினால் ஐயத்தில் பெரும் பகுதி நீங்கும். எஞ்சியதை மறுபடி ஓட்டி மறைப்பது, தரவில் தனக்குப் பிடிக்காத புள்ளிகளை நீக்கும் ஆய்வாளரின் செயலுக்கு ஒப்பானது.

இங்குதான் இப்பிரச்சினை கல்விப்புலத்தை வந்தடைகிறது. பொறியியல் கல்லூரித் திட்ட அறிக்கைகளில் சோதனைக்கென்று ஓர் அத்தியாயம் உண்டு. அதில் ஓர் அட்டவணை உண்டு. அதன் கடைசிப் பத்தி முழுவதும் வெற்றி என்றே நிரம்பியிருக்கும். அவ்வட்டவணைக்கு மதிப்பெண் வழங்கப்படுகிறது. தோல்வியைக் கண்டறிந்து எழுதிய அறிக்கை, முழுமை பெறாத திட்டமாகக் கருதப்படும் அச்சத்தால் மாணவர் அதை மறைக்கப் பழகுகிறார். ஆய்வுப் பட்டத்தின் அளவிலும் நிலைமை பெரிதும் வேறுபட்டதன்று. புதிய நெறிமுறை, புதிய கட்டமைப்பு ஆகியவை ஆய்வு என்று ஏற்கப்படுகின்றன. இருக்கும் ஒரு சர்வருக்குக் கடுமையான சோதனைத் தொகுப்பை எழுதுவது பணிமனை வேலை என்று ஒதுக்கப்படுகிறது. வேதியியலிலும் இயற்பியலிலும் கருவியின் அளவுத்திருத்தம் ஆய்வின் பகுதி. அங்கே அளவுத்திருத்தம் செய்யாத கருவியின் அளவீட்டை எந்த ஆய்விதழும் ஏற்காது. கணினி அறிவியலில் சோதனையே அந்த அளவுத்திருத்தம்.

செய்யக்கூடியவை எளியவை. திட்ட மதிப்பீட்டில், வெற்றி பெற்ற சோதனைகளின் எண்ணிக்கையைக் காட்டிலும், புகுத்திய பிழைகளுள் எத்தனை பிடிபட்டன என்பதற்கு மதிப்பெண் தரலாம். ஒரு குழு எழுதிய சர்வருக்கு மற்றொரு குழு, நெறிமுறை ஆவணத்தை மட்டும் கொண்டு, சோதனை எழுதலாம். சோதனைத் தரவில் தமிழ், இந்தி, வங்காளம் ஆகிய எழுத்துகளைக் கட்டாயமாக்கலாம். கியூஇமு போன்ற திறமூலத் திட்டங்களுக்கு ஏற்கப்பட்ட ஒரு சோதனையை ஆய்வுப் பங்களிப்பாகத் துறைகள் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். இவற்றுக்குப் புதிய ஆய்வகமோ பெரும் நிதியோ வேண்டியதில்லை; மதிப்பீட்டுப் படிவத்தில் சில வரிகள் மாறினால் போதும்.

சோதனைகள் பிழை இருப்பதைக் காட்டும், பிழை இல்லாமையைக் காட்டா என்று டைக்ஸ்ட்ரா அரை நூற்றாண்டுக்கு முன்பே சுட்டினார். அதற்கு ஒரு நிபந்தனையைச் சேர்க்க வேண்டியுள்ளது. சோதிக்கும் நிரல், சோதிக்கப்படும் நிரலின் அனுமானங்களைப் பகிர்ந்துகொள்ளும் இடங்களில், அது பிழை இருப்பதைக்கூடக் காட்டாது. ரிமோட் டெஸ்க்டாப் சர்வரின் மறுமுனையில் இருப்பவர் தம் திரையில் தெரிவதை நம்பியே செயல்படுகிறார். அவரிடம் இரண்டாவது படம் இல்லை. அந்த இரண்டாவது படத்தை அவருக்காக முன்கூட்டியே எடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பதே சோதனை எழுதுபவரின் கடமை.